தோளில் நான்கு விரல்கள்

வணிகர் சங்க வெள்ளிவிழா மலருக்கு
கடைக்கு இருநூறு சொல், கடைக்கு முந்நூறு ரூபாய்.
மஞ்சக்குப்பத்தில் நாற்பத்தொரு கடை என் பங்கு.
பாத்திரக்கடை, பழைய பேட்டரி, இரண்டு மருந்துக்கடை,
முந்திரிப்பருப்பு மொத்த வியாபாரம் எல்லாம் முடித்து
கெடிலம் பாலத்துப் பக்கம் பூவராகன் டிஜிட்டல்ஸ் போனபோது
மணி மூன்று. கரண்ட் இல்லை.

"எழுதிக்கங்க" என்றார் பூவராகன்.
தொண்ணூத்தெட்டுல ஒரே ஒரு பிரஷ், ஒரு டப்பா பெயின்ட்.
தனி ஆளு. யாரும் கைகொடுக்கல.
ரெண்டாயிரத்து எட்டுல மெஷின்.
தானே புயல்ல கூரை போச்சு, மறுவாரமே தகரம் போட்டாச்சு.
இப்போ பத்தடி அகலம் வரைக்கும் ஒரே ஷீட்டு.
போன் நம்பரை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

நாற்பது கடையிலும் இதைத்தான் சொன்னார்கள்.
எல்லோரும் தனி ஆள். எல்லோருக்கும் முதலில்
ஒரு சைக்கிள், அல்லது ஒரு தராசு.
வருஷத்தை மாற்றிப்போட்டால் ஊரே ஒரு கடைதான்.
நோட்டை மூடப்போனேன்.

கரண்ட் வந்தது. மூலையில் திரை விழித்தது.
அமலோற்பவம் நாற்காலியை இழுத்துப்போட்டாள்.
சாயங்காலத்துக்குள் ஒரு கண்ணீர் அஞ்சலி.
தேவனாம்பட்டினத்திலிருந்து வந்த கல்யாணக் குரூப் போட்டோவில்
இறந்தவர் மூன்றாவது வரிசையில்
எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்.

"நம்ம ஊர்ல யாரும் தனியா போட்டோ எடுத்துக்கறதில்ல சார்.
செத்தப்புறம்தான் தனிப்படம் கேக்குறாங்க."
காதோரமாக வெட்டினாள். பக்கத்தில் இருந்தவளின் ஜிமிக்கி போனது.
தோள்மேல் கிடந்த ஒரு கையை
சட்டையின் வேறிடத்திலிருந்து துணி எடுத்து மூடினாள்.
கோடு போட்ட சட்டை என்றால் கஷ்டமாம்,
கோடு கோட்டோடு சேரணும்.
கட்டம் போட்டதென்றால் மதியச் சாப்பாடு போச்சு.

பிறகு நான் கேட்காமலே ஒரு ஃபோல்டரைத் திறந்தாள்.
பெயர்: கை.

எண்ணூற்றுச் சொச்சம் கைகள்.
மோதிரம் இறுகிய கை, மருதாணிச் சிவப்பு,
வலை இழுத்து ரேகை மழுங்கியது,
காலரைப் பிடித்தபடி ஒரு குழந்தையின் ஐந்து விரலும்.
"அழிக்க மனசு வரல. வெட்டி இதுல போட்டுடுவேன்.
எடத்த அடைக்குதுன்னு அவரு திட்டுவாரு."

போன ஐப்பசியில் ஒருத்தர் வந்தாராம், சோனங்குப்பத்துக்காரர்.
பாலத்து முனையில் பேனரைப் பார்த்துவிட்டு நேரே இங்கே.
அண்ணன் படம். ஒன்பது வருஷம் பேச்சில்லை,
ஏதோ ஃபைபர் படகு விஷயம்.
"அந்தத் தோள்ல என் கை இருந்துச்சே, தாயி."
அவ்வளவுதான் கேட்டாராம்.
முழுப்படம் யாருடைய செல்லிலோ இருந்தது,
அந்தச் செல் கடலில் விழுந்துவிட்டது.
தேடினாள். கிடைத்தது.
பாஸ்போர்ட் சைசில் அச்செடுத்தாள்.
வெறும் கை, மணிக்கட்டு வரை.
காசு வாங்கவில்லை.
லைசென்ஸ் கவருக்குள் செருகி
சட்டைப்பையைத் தடவிக்கொண்டே படியிறங்கினாராம்.

இருநூறு சொல்லும் இதற்கே போயிற்று.
மெஷினுக்கு இடமில்லை.

பூவராகன் சிவப்புப் பேனாவோடு படித்தார்.
"காசு வாங்கலன்னு போட்டா நாளைக்கே வரிசை கட்டுவாங்க.
கைய அழிக்கிறோம்னு வேற எழுதியிருக்கீங்க,
படிக்கிறவன் பயப்பட மாட்டான்?"
குறுக்கே ஒரு கோடு. ஓரத்தில்:
பத்தடி அகலம், ஒரே ஷீட்டு.
எழுதிக்கொடுத்தேன்.
முந்நூறு ரூபாய்க்குக் கையெழுத்தும் போட்டேன்.

மலர் வந்தது. நாற்பத்தேழாம் பக்கம்.
தனி ஆளாய் உழைத்து உயர்ந்த பூவராகன்.
கடை தொடங்கிய வருஷத்துப் படம், மீசை கறுப்பு,
கட்டம் போட்ட சட்டை.
வடிவமைத்தது யாரென்று போடவில்லை.
கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்னொரு முறை பார்த்தேன்.

இடது தோள்மேல்
நகத்தில் பச்சை பெயின்ட் காய்ந்த
நான்கு விரல்கள்.